எங்கள் வீட்டில் மூன்றாம் தரப்பு யாரும் இல்லை

தொங்யோங்,
ஜனவரி 27

பூசானில் இருக்கும் என் மைத்துனன் டொங்-ஹாவுக்கு, உன் அக்காள் புருஷன் தாக் பியொங்-மான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் சுகம். சிப்பிப் பருவமும் சுகம், கடல்காற்று மட்டும் காதை அறுக்கிறது. உன் இடுப்பு வலி, உன் மனைவியின் கடை, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் தனித்தனியாக விசாரித்ததாக எடுத்துக்கொள். ஒரு போன் போட்டால் முடிகிற விஷயத்துக்கு மனுஷன் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்திருக்கிறானே என்று நீ நினைக்கலாம். சென்ற புதன்கிழமைக்குப் பிறகு, கருவி என்று பெயருள்ள எதையும் தொடுவதில்லை என்று இருக்கிறேன். அதற்குக் காரணம் நீ. ஆகவே பொறுமையாகக் கடைசி வரை படி.

இரண்டு வருஷத்துக்கு முன் நம் வீட்டு டிவிக்குப் பின்னால் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியைச் செருகி, அதில் மதாங் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தாயே, அன்றைக்கு நீ சொன்னது எனக்கு வார்த்தை தவறாமல் நினைவிருக்கிறது. "பேரே முற்றம்தான் அத்தான். எந்தக் கம்பெனி படமா இருந்தாலும் இந்த முற்றத்துல வந்து உட்காரும். அக்கா கண்ணுக்கு எவ்வளவு பெருசா வேணுமோ அவ்வளவு பெருசா காட்டும். காசும் கிடையாது" என்றாய். உன் அக்காவின் கண்ணில் நடுப்பகுதி போய் ஓரம் மட்டும்தான் தெரிகிறது என்பது உனக்குத் தெரியும். நேராகப் பார்த்தால் என் முகம்கூட ஒரு புகை. அதில் ஒன்றும் நஷ்டமில்லை என்பாள். ஆனால் கட்டம் போட்ட பலகையில் கறுப்பு வெள்ளைக் கல் வைத்து ஆடுகிற பாதுக் ஆட்டம் பார்க்க வேண்டுமே! நல்கே என்ற ஒளிபரப்புச் சேவைக்கு நாம் ஒழுங்காகச் சந்தா கட்டுகிறோம். அவர்களுடைய சொந்த ஆப்பில் ஆட்டப் பலகை தபால்தலை அளவில்தான் வரும், பெரிதாக்க முடியாது. மதாங் வழியாகப் பார்த்தால் பலகையில் ஒரு மூலையை மட்டும் இழுத்து டிவி முழுக்க நிரப்பலாம், ஒவ்வொரு கல்லும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரியும். அப்படித்தான் எங்கள் மகள் தாம்-ஹியின் ஆட்டங்கள் எல்லாவற்றையும் அவள் பார்த்து வந்தாள். நான் பக்கத்தில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பார்க்க மாட்டேன்.

ஏன் பார்க்க மாட்டேன் என்பதும் உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கோர்வை விட்டுப்போகக் கூடாதென்று எழுதுகிறேன். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வன்று பரீட்சை மண்டபத்துக்குப் போகாமல், அவள் தலைநகரான சியோலுக்குப் பஸ் ஏறி பாதுக் தொழில்முறைத் தகுதிப் போட்டிக்குப் போனாள். நான் அவளுடைய ஆட்டப் பலகையை எடுத்துக்கொண்டு போய் அலைதடுப்புச் சுவரிலிருந்து கடலில் எறிந்தேன். ஆறு வருஷம் ஆகிறது. அவள் தன் அம்மாவுடன் பேசுவாள். போன் என் கைக்கு வந்ததில்லை, நானும் நீட்டியதில்லை. உங்கள் அப்பா உங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த ஆட்டம், எனக்கு மட்டும் கடைசி வரை பிடிபடவே இல்லை. கறுப்பு ஒரு கல், வெள்ளை ஒரு கல், ஒரு மணி நேரம் யோசனை. இதில் என்ன இருக்கிறது?

அவள் இந்த வருஷம் பெண்கள் பட்டத்துக்கான இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டாள். முதல் ஆட்டம் ஜெயம், இரண்டாவது தோல்வி, மூன்றாவது சென்ற புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு. செவ்வாய்க்கிழமை போங்-சூவின் முடிதிருத்தும் கடையில் எல்லோரும் இதையே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியில் இருந்தபடியே, "எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நாளைக்கு நான் மீன் பிடிக்கப் போறேன்" என்று சத்தமாகச் சொன்னேன். கழுத்தில் கத்தி இருக்கும்போது மனுஷன் உண்மையைத்தான் சொல்வான் என்று அவர்கள் நம்பியிருப்பார்கள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கே உன் அக்கா தலை வாரி, மகளைப் பார்க்கப் பஸ் ஏறுகிறவள்போல் நல்ல சட்டை போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நான் மதாங்கைத் திறந்தேன். நல்கே இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டம். "அனுமதி இல்லை." அணைத்துப் போட்டேன். "அனுமதி இல்லை." கடவுச்சொல்லை மறுபடி அடித்தேன், தப்பாக அடித்தேன் போலிருக்கிறது, சரியாக அடித்தேன், மறுபடி அடித்தேன். "சந்தேகத்துக்குரிய கருவி. உங்கள் கணக்கு இருபத்து நான்கு மணி நேரத்துக்கு முடக்கப்பட்டுள்ளது." சரி, கைப்பேசியிலாவது பார்க்கலாம் என்றால் அதிலும் அதே கணக்கு, அதே பூட்டு. நல்கே கம்பெனிக்குப் போன் போட்டேன். இசை கேட்டேன், ஒன்றை அழுத்தினேன், மூன்றை அழுத்தினேன், மறுபடி இசை கேட்டேன். கடைசியில் ஒரு பெண் வந்தாள், குரலில் தேன்.

"சார், நீங்க மூன்றாம் தரப்பு வழியா எங்க சேவையைப் பார்த்திருக்கீங்க. இன்னைக்குக் காலையிலேர்ந்து அதை நாங்க அனுமதிக்கறதில்ல."

"மூணாம் தரப்புன்னு யாரும் இல்லம்மா. நானும் என் வீட்டுக்காரியும்தான். பொண்ணு ஒருத்தி, அவளும் வெளியூர்ல இருக்கா."

"அது இல்ல சார். மதாங்னு ஒரு மென்பொருள்..."

"அது என் மச்சான் வச்சது. அவன் எப்படிம்மா மூணாம் தரப்பு? அவ கூடப் பொறந்தவன்."

"எங்க ஆப்லயே பார்க்கலாமே சார்?"

"என் டிவி பன்னெண்டு வருஷப் பழசு, உங்க ஆப்பு அதுல ஏறாது. ஏறினாலும் கண்ணு தெரியாதவளுக்குப் பெருசா காட்டுமா?"

"அந்த யோசனையைக் கண்டிப்பா எங்க குழுவுக்குத் தெரியப்படுத்தறேன் சார்."

"மதியம் ஒரு மணிக்குள்ள தெரியப்படுத்துவியாம்மா?"

மறுபடி இசை.

மதாங் செய்கிறவர்களுக்கு ஒரு அறிவிப்புப் பலகை இருக்கிறதே, நீ காட்டிக் கொடுத்தாயே, அதில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி என் கதையை எழுதினேன். மழைத்தவளை என்ற பெயரில் ஒருவன் உடனே பதில் போட்டான். "ஐயா, காலைல ஆறு மணிக்கு அவங்க பூட்டை மாத்திட்டாங்க. நாங்க மொத்தம் நாலே பேரு, நாலு பேருக்கும் வேற வேலை இருக்கு. புதுச் சாவி செய்ய வெள்ளிக்கிழமை ஆயிரும். நல்கேக்குப் போன் போட்டுச் சத்தம் போடுங்க, ஆனா எங்க பேரைச் சொல்லாதீங்க." திமிங்கிலங்கள் முட்டிக்கொண்டால் இறாலுக்கு முதுகு ஒடியும் என்பது சும்மா இல்லை. இதில் ஒரு திமிங்கிலத்துக்குக் குரலில் தேன், இன்னொன்றுக்குத் தவளை என்று பேர். முதுகு மட்டும் என்னுடையது.

மணி பதினொன்று முப்பது. உன் அக்கா திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நல்ல சட்டையின் கைகளை மடித்து விட்டுக்கொண்டு, காய்ந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"போகட்டும் விடுங்க" என்றாள். "ஜெயிச்சா ஊரே வந்து சொல்லும்."

"தோத்தா?"

"தோத்தா நான் அவ கூட இருந்திருக்கணும்."

டொங்-ஹா, முப்பத்தொரு வருஷம் கப்பல் கட்டும் தளத்தில் சாரத்தில் தொங்கி வண்ணம் அடித்தவன் நான். கயிறு அறுந்து கீழே பார்த்தபோதுகூட அப்படிப் பயந்ததில்லை. போங்-சூ கடையில் புது டிவி, அதில் நல்கேயின் சொந்த ஆப், ஆட்டம் ஓடப் போகிறது என்று எனக்குத் தெரியும். "வா, அங்கே போகலாம்" என்றேன். "எனக்கு அந்தப் பலகை தெரியாது. தெரிஞ்சாலும் ஏழெட்டு ஆம்பளைங்க முன்னால நான் அழ மாட்டேன்" என்றாள். அதுவும் நியாயம்தான்.

ஆகவே நான் போனேன். வாசலில் தூண்டிலைத் தயாராகச் சார்த்தி வைத்திருந்தேன், பழக்க தோஷத்தில் அதையும் தூக்கிக்கொண்டே போய்விட்டேன். கடையில் ஏழு பேர். கதவு திறந்ததும் ஏழு தலையும் திரும்பின.

"என்னண்ணே, கடலு இந்தப் பக்கம் மாறிருச்சா?" என்றான் போங்-சூ.

"உன் நல்கே கணக்கைக் கொஞ்சம் கொடு. என் கைப்பேசியில போட்டுக்கறேன்."

"ஒரு நேரத்துல ஒரு இடத்துலதான்ணே ஓடும். உங்களுக்குக் கொடுத்தா இந்த ஏழு பேரும் என்னைச் சிரைச்சிருவாங்க. அது சரி, மீன் பிடிக்கப் போற ஆளுக்கு ஆட்டம் எதுக்கு?"

ஏழு பேரும் என் வாயையே பார்த்தார்கள். "என் பொண்ணு விளையாடுறா" என்றேன். அவ்வளவுதான் வந்தது. சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவும் சிரித்தார்கள், ஆனால் உடனே நிறுத்திவிட்டார்கள். உன் அக்காவின் கண் விஷயத்தைச் சொன்னதும் போங்-சூ கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "அண்ணே, நான் இங்கேர்ந்து போன்ல ஒவ்வொரு கல்லா சொல்றேன். குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனைன்னு. நீங்க அங்க பலகையில வைங்க. அண்ணி தொட்டுப் பார்த்துக்கட்டும்" என்றான்.

நல்ல யோசனை. பலகைதான் கடலுக்கடியில் இருக்கிறது.

அப்போது மணி பன்னிரண்டு. வீட்டுக்கு வந்தேன். கூடத்துத் தரையைப் பார்த்தேன். நம் தரையில் ஒட்டியிருக்கும் வழவழ விரிப்பின் மஞ்சள் இருக்கிறதே, அது பாதுக் பலகையின் மஞ்சளேதான், இத்தனை வருஷம் அதன் மேல் படுத்து எழுந்திருந்தும் எனக்குத் தோன்றியதே இல்லை. மேசையைத் தூக்கிச் சுவரோரம் போட்டேன். தளத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த கறுப்புக் கப்பல் வண்ணத்தைத் திறந்து, ஒட்டுநாடா போட்டு, குறுக்கே பத்தொன்பது, நெடுக்கே பத்தொன்பது கோடு இழுத்தேன். உன் அக்கா, "என்ன நாத்தம் அது? என்ன பண்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "பேசாதே, கோடு கோணிடும்" என்றேன். குளிருக்காகத் தரைக்கடியில் ஓடும் சூட்டை முழுசாகத் திருகி விட்டதில் இருபது நிமிஷத்தில் வண்ணம் காய்ந்தது. அது காயும்போதே ஓடிப் போய்ச் சிப்பி உடைக்கும் கொட்டகைக்குப் பின்னால் மலையாகக் கிடக்கிற ஓடுகளில் ஒரு சாக்கு அள்ளினேன். அது வெள்ளை. கறுப்புக்கு என்ன செய்வது? எதிர்ச் சாப்பாட்டுக் கடையில் மட்டிக் கஞ்சி, அவர்கள் கொட்டுகிற கறுப்பு மட்டி ஓடு ஒரு வாளி. கடைக்காரம்மா, "உரத்துக்கா?" என்றாள். "என் பொண்ணோட எதிராளிக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

சரியாக ஒரு மணிக்குப் போங்-சூவின் குரல் போனில் வந்தது. "கறுப்பு. வலமிருந்து நாலு, மேலேர்ந்து நாலு." வைத்தேன். "வெள்ளை, நம்ம தாம்-ஹி. இடமிருந்து நாலு, கீழேர்ந்து மூணு." வைத்தேன். உன் அக்கா மண்டி போட்டு வந்து ஓட்டைத் தொட்டாள். கோட்டை விரலால் தடவினாள். பிறகு என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆட்டத்துக்குள் போய்விட்டாள். பத்து விரலாலும் பார்த்தாள். தலையைச் சாய்த்துக் கண்ணின் ஓரத்தாலும் பார்த்தாள், மஞ்சள் தரையில் வெள்ளை ஓடு அவளுக்குத் தெரிந்தது. நான் ஒரு தோளில் கைப்பேசியை இடுக்கிக்கொண்டு, கையில் ஒன்று வெள்ளையும் ஒன்று கறுப்புமாகக் கொக்கு மாதிரி கால் மாற்றி மாற்றி நின்றேன். ஐம்பது கல் போனதும் தரைச்சூட்டில் ஓடுகள் வேக ஆரம்பித்தன. அந்த நாற்றத்தை எழுதினால் தாள் தாங்காது. சூட்டை அணைத்து ஜன்னல்களைத் திறந்தேன். ஜனவரிக் காற்று நேராக உள்ளே வந்தது. உன் அக்காவுக்குப் பஞ்சு மேலங்கியைப் போர்த்தினேன், போர்த்தியது அவளுக்குத் தெரியவே இல்லை.

எழுபது கல்லுக்கு மேல் இருக்கும். கீழே வலது மூலையில் நம் பெண்ணின் வெள்ளைக் கூட்டம் ஒன்றைக் கறுப்பு வளைத்துக்கொண்டு வந்தது. உன் அக்காவின் மூச்சு மாறியது. போங்-சூ, "வெள்ளை, வலமிருந்து ஆறு..." என்று சொல்லும்போதே என் காதில் இன்னொரு அழைப்பு மணி. கை பட்டு அது எடுபட்டுவிட்டது. அதே தேன். "வணக்கம் சார், நல்கேயிலிருந்து பேசறோம். காலையில நீங்க பெற்ற உதவிக்கு, ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீங்க?"

"ஒண்ணு!" என்று கத்தினேன். "அதுவும் கடன்!" போங்-சூவிடம் திரும்பியபோது அவன், "...புரிஞ்சுதா அண்ணே? வெச்சீங்களா?" என்றான். வாய் ஒன்று என்று கத்தினால் கையும் கீழிருந்து ஒன்றில்தான் வைக்கும். "வெச்சேன்" என்றேன்.

அதற்கடுத்த ஒரு மணி நேரம் என் எதிரிக்கும் வரக் கூடாது. உன் அக்கா அந்த மூலையை மறுபடி மறுபடி தடவினாள். "இப்படி வைக்க மாட்டாளே" என்றாள். பிறகு, "செத்துப்போச்சு" என்றாள். "எது?" என்றேன். "பதினோரு கல்லு. மொத்தமும்." அழுகையே இல்லை, முகத்தில் தண்ணீர் மட்டும் இறங்கியது. ஆறு வருஷமாக, இவள் தோற்றுத் திரும்பி வந்தால் வாசலில் நின்று என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு பேச்சைத் தயாராக வைத்திருந்தேன். நல்ல பேச்சு. அன்று அதில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. அந்தப் பதினோரு ஓட்டையும் இரண்டு கையாலும் அள்ளி வேறு எங்காவது வைத்துவிட முடியாதா என்றுதான் இருந்தது.

அப்போது போனில் ஏழு பேரும் சேர்ந்து கத்தினார்கள். "பொழச்சுக்கிட்டா! வலது மூலை பொழச்சுக்கிட்டா!"

"எங்க வீட்ல ஒரு மணி நேரத்துக்கு முன்னாலயே செத்துட்டாளேப்பா!" என்றேன்.

"என்னண்ணே சொல்றீங்க? வலமிருந்து ஆறு, கீழேர்ந்து ரெண்டுல வெள்ளை இருக்கா?"

உன் அக்காவின் கை என் கைக்கு முன்னால் அங்கே போனது. இரண்டில் இல்லை. ஒன்றில் இருந்தது. அவள் அந்த ஓட்டை எடுத்து ஒரு கோடு மேலே வைத்தாள், சுற்றிலும் தடவினாள், பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உங்க கையாலயே பொண்ணைச் சாகடிச்சு வச்சிருக்கீங்க" என்றாள். "ஒரு மணி நேரமா நான் இங்க உட்கார்ந்து துக்கம் காத்துட்டிருக்கேன்!"

அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இருந்தாலும் அந்த வார்த்தை எங்கே போய் இறங்க வேண்டுமோ அங்கே இறங்கியது. நான் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் நின்றேன். குளிர்காற்றில் கண்ணில் நீர் வருவது சகஜம்.

நாலரை மணிக்கு ஆட்டம் முடிந்தது. இருநூற்று எண்பத்தேழு கல். "என்னடா?" என்றேன். போங்-சூ தொண்டையைச் செருமினான். "அரை வீடுண்ணே. கறுப்பு ஜெயிச்சிருச்சு. அரை வீட்டுல."

இந்த ஆட்டத்தில் பிடித்த இடத்துக்கு வீடு என்று பெயர், அரை வீடுதான் இருப்பதிலேயே சின்ன வித்தியாசம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். "அரை வீடுன்னா? கூடமா, சமையலறையா? எவ்வளவு இடம் வேணும்னு கேளு, இந்த மூலையில கோடு போட்டுத் தர்றேன்! நடுவர் யாரு? அவர் நம்பரைக் கொடு!" என்று கத்தியிருக்கிறேன். எனக்கு நினைவில்லை, கடையில் ஏழு பேருக்கும் நினைவிருக்கிறது. மறுநாள் காலைக்குள் மீன் சந்தையில் இருநூறு பேருக்கு நினைவிருந்தது. இப்போது என்னைப் பார்க்கிறவன் எல்லாம், "கூடமா சமையலறையா?" என்கிறான். உன் அக்கா மட்டும் தரையிலேயே உட்கார்ந்து, "நல்லா விளையாடினா" என்றாள். "உங்க அளவுக்குப் பிடிவாதம்" என்றும் சொன்னாள்.

சுருக்கமாகச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஒன்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்து மதாங்கை அதன் பெட்டியோடு பிடுங்கிக்கொண்டு போ. அந்தத் தவளை வெள்ளிக்கிழமை சாவி செய்தான், சனிக்கிழமை நல்கே மறுபடி பூட்டை மாற்றினான். இவர்கள் சண்டைக்கு நடுவில் குடியிருக்க எனக்கு வயதில்லை. நல்கேயையும் வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டேன். அடுத்தது, கப்பல் வண்ணம் கரைக்கிற தின்னர் பெரிய டப்பாவாக இரண்டு வாங்கி வா. அந்தக் கோடுகள் உப்புத் தண்ணீரில் பத்து வருஷம் நிற்கிற ரகம், துடைப்பத்துக்கு மசியவில்லை. ஓடுகளை நானே எடுத்துக் கொட்டியிருப்பேன், உன் அக்கா விட மாட்டேன் என்கிறாள், ஒவ்வொரு ஓட்டையும் எடுத்துக் கழுவித் துடைத்து அந்தந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டாள். மேலே கம்பளியை விரித்து, ஓரமாகவே நடந்து திரிகிறோம். முக்கியமானது, தாம்-ஹியிடம் நீ வாயைத் திறக்கக் கூடாது. அவள் போனில் கேட்டால், புதன்கிழமை அப்பா மீன் பிடிக்கப் போயிருந்தார், ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல். இது என் கண்டிப்பான வார்த்தை.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். சந்திரப் புத்தாண்டில் உங்கள் வீட்டுத் தரை சூடாகவும், சட்டி நிறையவும், டிவி மௌனமாகவும் இருக்க வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
தாக் பியொங்-மான்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது கதவு மணி அடித்தது. தாம்-ஹி. தோளில் பை, முன்கூட்டி ஒரு வார்த்தை இல்லை. நான் வாசலை மறைத்துக்கொண்டு நின்று, "நான் புதன்கிழமை மீன் பிடிக்கப் போயிருந்தேன்" என்று யாரும் கேட்காமலே சொன்னேன். அவள் "சரிப்பா" என்று செருப்பைக் கழற்றி, நேராக நடந்து, கம்பளியின் நடுவில் கால் வைத்தாள். நொறுங்கிய சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்டிருக்கும். கம்பளியைச் சுருட்டினாள். நின்றாள். பிறகு குனிந்து, கல்லைத் தொடாமல் கோட்டைத் தொட்டாள். "ரொம்ப நேரா இருக்குப்பா" என்றாள். "கப்பலுக்கு நீர்மட்டக் கோடு போட்ட கை" என்றேன். இப்போது அவளும் உன் அக்காவும் தரையில் உட்கார்ந்து முதல் கல்லிலிருந்து ஆட ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்கும் ஒரு மூலையைச் சொல்லித் தருகிறாளாம். ஆகவே மேலே எழுதியது எல்லாம் ரத்து. பெட்டி இருக்கட்டும், தவளையிடம் அடுத்த சாவி எப்போது என்று கேள், நல்கேயில் மறுபடி சேர்த்து விடு, தின்னர் வாங்காதே. ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வா, வரும்போது மட்டிக் கஞ்சி எங்கே சாப்பிட்டாலும் ஓட்டை எறிந்துவிடாதே. கறுப்பில் ஒன்பது உடைந்துவிட்டது.